லொறித் தட்டுக்கு ஒரு படங்கு

ராசா,

நான் நல்ல சுகம், உன் சுகமும் அப்படியே என்று தொடங்கினால் முதல் வரியிலேயே பொய் எழுதியவள் ஆவேன். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன். உன் தபால் கார்ட் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. வாசல் கேற்றடியில் நின்றபடியே வாசித்தேன். பிறகு அடுப்பில் உலை கொதிப்பதையும் மறந்து படியில் குந்தியிருந்து இன்னொரு தடவை வாசித்தேன். “லொறித் தட்டுப் பலகை தேய்ந்துவிட்டது. மணல் இடுக்குகளால் கொட்டுகிறது. மேலே தகரம் அடிக்கலாம் என்று இங்கே சொல்கிறார்கள். அல்லது முந்தி இருந்ததுபோல ஒரு சாக்குப் படங்கு தைத்து ரெயிலில் போட்டுவிட முடியுமா? நீள அகலம் அடுத்த கார்டில் எழுதுகிறேன். இந்த ஆடிவேல் திருவிழாவுக்கும் வரக் கிடைக்காது போல இருக்கிறது.” இவ்வளவும் லொறிக்கு, கடைசி வரி மட்டும் எனக்கு. பரவாயில்லை. லொறியைப் பற்றியாவது அம்மாவிடம் கேட்க வேண்டும் என்று உனக்குத் தோன்றியிருக்கிறது. திருகோணமலைக்குப் போன பிறகு நீ என்னிடம் எதையாவது கேட்டு எழுதிய முதல் கார்ட் இதுதான். நீ ஒரு பிடி கேட்டாய், நான் பானையோடு கவிழ்க்கப் போகிறேன். வேலை முடிந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு ஆறுதலாக இருந்து வாசி.

நான் இருக்கும் வெள்ளவத்தை அறை உனக்குத் தெரியும், நீதான் பார்த்து எடுத்துத் தந்தாய். வீட்டுக்காரரின் வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு கதவு, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் ரெயில் பாதைக்கு அப்பால் கடல். கொட்டாஞ்சேனைச் சந்தின் நெரிசலுக்குள் இருந்து வந்தவளுக்கு இங்கே காற்றுக்குக் குறைவில்லை, கதைக்கத்தான் ஆளில்லை. வீட்டுக்காரப் பெண் நல்லவள்தான், ஆனால் அவளுக்குப் பிள்ளைகளோடு மாரடிக்கவே பொழுது போதாது. பின்னேரத்தில், காலிப் பட்டினத்துக்குப் போகிற காலி வீதியில் ஓடும் லொறிகளின் சத்தம் இங்கேவரைக்கும் கேட்கும். பாரம் ஏற்றின லொறி முனகிக்கொண்டு போகும். வெறும் லொறி என்றால் பின் பலகையின் சங்கிலி அடிபடக் கலகலவென்று போகும். எங்கள் லொறியின் சங்கிலியில் ஒரு வளையத்தை உன் ஐயா மாற்றிப் போட்டிருந்தார் அல்லவா, அதனால் அது இரண்டு தரம் தட்டி ஒரு தரம் இழுபடும். அந்த மாதிரி ஏதும் காதில் விழுந்தால் எனக்குத் தெரியாமலே என் கால் கேற்றுக்குப் போய்விடுகிறது. “என்னம்மா, மகனோ?” என்று வீட்டுக்காரி கிணற்றடியில் இருந்து கேட்பாள். “இல்லைப் பிள்ளை, மீன்காரனாக்கும் எண்டு பாத்தனான்” என்பேன். மீன்காரன் காலையிலேயே வந்து போய்விடுவான் என்று அவளுக்கும் தெரியும். பாவம், திரும்பித் தண்ணீர் அள்ளத் தொடங்குவாள்.

சரி, முதலில் தகரம். அடிக்காதே. யார் சொன்னாலும் அடிக்காதே. உன் ஐயா சொந்த லொறி வாங்குவதற்கு முன் ஒரு முதலாளியிடம் டிரைவராக இருந்தார். அந்த முதலாளி புது லொறியின் தட்டு பழுதாகக் கூடாது என்று ஆசைப்பட்டு, முன்னும் பின்னும் ஆணி வைத்துத் தகரம் அடிப்பித்தார். மேலே பார்த்தால் கண்ணாடி மாதிரி இருந்ததாம். ஈர மணலில் இருந்து வடிந்த தண்ணீர் ஆணி ஓட்டைகளால் கீழே இறங்கி, வெயிலும் படாமல் காற்றும் படாமல் அங்கேயே நின்றுவிட்டது. மழைக்காலம் முடிந்து ஒரு நாள் தகரத்தைக் கழற்றினால் கீழே பலகை இல்லை, அவித்த புட்டு மாதிரி எதுவோ இருந்தது என்று உன் ஐயா வந்து சொல்லிச் சிரித்தார். பலகைக்கு ஈரம் ஒரு பொருட்டே இல்லை, ராசா. நனைந்தபின் காய விடாமல் மூடி வைத்தால்தான் அது கெட்டுப் போகும். உன் கார்டுகளும் எனக்குத் தகரம் அடித்தவை மாதிரித்தான் தெரிகின்றன. “நல்ல சுகம், வேலை இருக்கிறது” என்று மேலே பளபளப்பாக இருக்கின்றன. கீழே என்ன நடக்கிறது என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஆகவே பலகையைக் காய விடு. ஆற்று மணலை ஈரத்தோடு ஏற்றினால் அன்றைக்கே இறக்கிப் போடு. களைப்பாக இருக்கிறது, விடிய இறக்கலாம் என்று விட்டுவிட்டுப் படுக்காதே. அப்படி விட்டே ஆகவேண்டும் என்றால் லொறியின் மூக்கு மேட்டில் இருக்கும்படி நிறுத்து, தண்ணீர் பின்னால் வடிந்துபோகும். இறக்கின பிறகு கூட்டினால் போதாது, பலகை இடுக்குகளுக்குள் இருப்பதை ஒரு மெல்லிய கம்பியால் கீறி எடுக்க வேண்டும். வெயில் நாளில் எஞ்சினில் இருந்து எடுத்த கறுத்த ஒயிலைப் பழைய துணியில் தோய்த்துப் பலகைக்குப் பூசி ஊற விடு. பின் பலகைச் சங்கிலிக்கு ஒரு சாக்குத் துண்டைச் சுற்றிக் கட்டு. அது ஓட ஓட அடிபட்டுத் தட்டின் விளிம்பைத்தான் முதலில் தின்னும். உன் ஐயாவுக்கு இதை எத்தனையோ தரம் சொன்னேன். “அது கிடக்கட்டும், அந்தச் சத்தத்திலைதான் நீர் அடுப்பு மூட்டுறனீர்” என்று சொல்லிவிடுவார். அதுவும் உண்மைதான். சந்தின் முனையில் சங்கிலி கேட்டால் நான் தேத்தண்ணிக்குக் கேத்திலை வைப்பேன், அவர் வந்து கால் கழுவும்போது தண்ணீர் கொதித்திருக்கும்.

அந்தத் தட்டு எப்படி வந்தது என்று நீ அறிந்திருக்கமாட்டாய். லொறியை வாங்கியபோது முன்பக்கமும் எஞ்சினும் சக்கரங்களும்தான் இருந்தன, பின்னால் வெறும் இரும்புச் சட்டம். கொட்டாஞ்சேனையில் வண்டி வேலை செய்த ஒரு சிங்களத் தச்சுப் பாஸைப் பிடித்து, முதிரைப் பலகை எடுத்து, எங்கள் சந்திலேயே வைத்துத் தட்டு அடித்தார்கள். முடிந்தபிறகு பார்த்தால் வலது பக்கம் இடது பக்கத்தைவிட நாலு விரல் நீளம். உன் ஐயா தலையில் அடித்துக்கொண்டார். “கண் தெரியாட்டி ஏன் காணும் வேலைக்கு வந்தனீர்?” என்றார். பாஸ் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, “மம மொனவ கரன்னத மாத்தயா? நான் என்ன செய்ய? சட்டமே கோணல்” என்றான். அளந்து பார்த்தால் அவன் சொன்னது சரி, எங்கேயோ முட்டி வளைந்த லொறியை எங்கள் தலையில் கட்டியிருந்தார்கள். கோணல் சட்டத்துக்குக் கோணல் தட்டு. அன்றிலிருந்து உன் ஐயா அந்த லொறியை யாராவது குறை சொன்னால் விடமாட்டார். தானே வாய் நிறைய ஏசுவார், மற்றவன் ஏசினால் சண்டைக்குப் போவார். என்னோடும் அப்படித்தான் இருந்தார்.

பலகை புதிது, கூலியாட்கள் சவலால் மணலை வாரும்போது அதன் இரும்பு வாய் பலகையில் உரசும் சத்தத்தில் எனக்குப் பல் கூசும். நாலு நாளில் தட்டு முழுக்கக் கீறல். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் சாக்குகளைப் பிரித்து ஒன்றோடொன்று தைத்துப் படங்கு செய்து, அதில் நெல் காயப்போடுவார்கள். அதையே லொறிக்குத் தைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. “நெல்லோ ஏத்தப் போறன்?” என்று உன் ஐயா நக்கலடித்தார். அரிசிச் சாக்குகளை வாங்கித் துவைத்து, தையலைப் பிரித்து, இரட்டையாக மடித்துச் சணல் நூலால் தைத்தேன். தட்டையும் மூடி, இரண்டு பக்கப் பலகைகளிலும் முழங்கை உயரத்துக்கு ஏறி நிற்கும்படி விட்டேன். விளிம்பில் கயிற்றுக் காது வைத்துத் தைத்தேன். கோணல் தட்டு ஆனபடியால் வீட்டுக்குள் வைத்து மூலைகளைத் தைத்தால் சரிவராது, ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் இழுபடும். ஆகவே லொறிக்குள் ஏறி, தட்டில் விரித்து வைத்து, அங்கேயே குந்தியிருந்து நாலு மூலையும் தைத்து முடித்தேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் லொறிக்குள் ஒரு பெண்பிள்ளை தையல் வேலை செய்வதைப் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்த நாள் உன் ஐயா மணலை இறக்கும்போது பின் பலகையைத் திறந்து, இரண்டு பேரைப் படங்கின் முன் காதுகளைப் பிடித்துத் தூக்கிப் பின்பக்கம் இழுக்கச் சொன்னார். மணல் அப்படியே உருண்டு வந்து தரையில் விழுந்தது, சவல் பலகையில் படவே இல்லை. அன்று பின்னேரம் எனக்கு அவர் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு வந்தார். நக்கலடித்ததற்கு மன்னிப்புக் கேட்கவில்லை, பூ மட்டும்தான்.

அந்த முதல் படங்கு எரிந்துபோன கதை உனக்குப் பாதி தெரியும், உன் ஐயாவின் பக்கத்துப் பாதி. என் பக்கத்தையும் கேள். வெள்ளிக்கிழமை என்றால் நான் லொறியைக் கழுவி, தட்டுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, கற்பூரம் காட்டுவேன். படங்கையும் அலசி வெயிலில் போடுவேன். அது காய முந்தியே ஒருவர் வந்து, களுத்துறைக்கு அப்பால் ஒரு சூளையில் சுண்ணாம்பு இருக்கிறது, இன்றைக்கே வேண்டும் என்று அவசரப்படுத்தினார். உன் ஐயா ஈரப் படங்கைச் சுருட்டித் தட்டில் எறிந்துவிட்டு, “நீரும் ஏறும், கடல் பாத்துக்கொண்டு வரலாம்” என்றார். ஒரு வெள்ளிக்கிழமையில் மனுசன் என்னைக் கடல் பார்க்கக் கூப்பிட்டதும் எனக்குப் படங்கும் மறந்துபோயிற்று, ஈரமும் மறந்துபோயிற்று. நீ என் மடியில் நித்திரை. சூளையில் இருந்தவர்கள் சுட்ட கற்சுண்ணாம்பை, இன்னும் தண்ணீர் காட்டாத கட்டிகளை, அந்த ஈரச் சாக்கின் மேலேயே வாரிப் போட்டார்கள். சுண்ணாம்பு தண்ணீரைக் கண்டால் என்ன செய்யும் என்று வெற்றிலை போடுகிற எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கும் தெரியும். ஆனாலும் வெள்ளிக்கிழமைக் கழுவலையும் சுண்ணாம்பையும் ஒன்றாக வைத்து நினைக்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

மொறட்டுவை கடந்து வரும்போது வீதியோரம் நின்ற ரிக்‌ஷாக்காரன் கத்தினான். திரும்பிப் பார்த்தால் லொறியின் பின்பக்கம் சோற்றுப் பானை மாதிரி ஆவி பறக்கிறது. கட்டிகள் வெடித்து வெடித்துப் பொங்குகின்றன, சாக்கு கருகும் மணம். உன் ஐயா லொறியை ஓரம் கட்டிக் குதித்தார். அதற்குள் சனம் கூடிவிட்டது. நல்ல மனுசர், லொறியில் நெருப்பு என்று நினைத்து வீட்டுக்கு வீடு வாளியோடு ஓடி வந்தார்கள். உன் ஐயா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, “வத்துர எப்பா! வத்துர எப்பா!” என்று தண்ணீர் வேண்டாம் என்று கத்துகிறார். அவர்களோ மனுசனுக்குப் பயத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து அவரை ஒரு பக்கம் பிடித்து வைத்துக்கொண்டு மறுபக்கத்தால் ஊற்றுகிறார்கள். ஊற்ற ஊற்ற அது சீறுகிறது. நான் உன்னைத் தூக்கிக்கொண்டு ஒரு தென்னை மரத்தடியில் நின்று அழுதேன், கொஞ்ச நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைத்தான் அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை. ஒருவழியாகப் பின் பலகையைத் திறந்து எல்லாவற்றையும் சவலால் வீதியோரம் தள்ளினார்கள். படங்கு போயிற்று. தட்டில் மூன்றாவது பலகையில் ஒரு கரிப் பள்ளம் விழுந்தது, அது இன்னும் உன் காலடியில் இருக்கும், பார். “நீர் கழுவினதாலை வந்தது” என்பார் அவர். “நீங்கள் காய விடாததாலை வந்தது” என்பேன் நான். எத்தனை வருஷம் இதே சண்டையைப் பிடித்தோம். இப்போது பிடிக்க ஆளில்லாமல் இரண்டு பக்கத்தையும் நானே கதைத்துப் பார்க்கிறேன். தனியே பிடிக்கிற சண்டையில் வென்றாலும் ருசியில்லை.

சுண்ணாம்பை ஏற்றினால் இதை நினைத்துக்கொள். காய்ந்த படங்கு, காய்ந்த தட்டு, மேலே மழை மூடி. நீ இப்போது வீதி வேலைக்கு உடைத்த கருங்கல் ஏற்றுகிறாய் என்று முந்திய கார்டில் எழுதியிருந்தாய். அதற்குப் படங்கு மட்டும் தாங்காது. படங்குக்கு மேலே பழைய டயர்த் துண்டுகளையோ உடைந்த பெட்டிப் பலகைகளையோ பரப்பு. முதல் கூடைக் கல்லை உயரத்தில் இருந்து கொட்ட விடாதே, கீழே வைத்துச் சரிக்கச் சொல். முதல் அடுக்குப் பக்குவமாக விழுந்தால் மிச்சம் தன்பாட்டில் கிடக்கும். நிலாவெளிப் பக்கம் உப்பு ஏற்ற ஆள் வந்தால் போகவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், தொழில் தொழில்தான். ஆனால் உப்பு இறக்கின கையோடு நல்ல தண்ணீரால் கழுவு. அது பலகையை ஒன்றும் செய்யாது, பலகையைப் பிடித்திருக்கும் ஆணியையும் போல்ட்டையும் அரித்துவிடும். எல்லாம் நன்றாக இருப்பது போல இருந்துவிட்டு ஒரு நாள் ஒன்றையொன்று விட்டுவிடும். மணலைப் பக்கப் பலகைக்கு மேல் குவிக்காதே, மூடிக் கட்டாமல் ஓடாதே. பின்னால் சைக்கிளில் வருகிறவனின் கண்ணுக்குள் உன் மணல் போகக் கூடாது. அவனுக்கும் வீட்டில் பார்த்துக்கொண்டு இருக்க ஒருத்தி இருப்பாள்.

இரண்டாவது படங்கைத்தான் உனக்கு ஞாபகம் இருக்கும். அதில்தான் நீ வளர்ந்தாய். ஆடிவேல் அன்று உன் ஐயா வேலை எடுக்கமாட்டார். தட்டைக் கழுவி, நன்றாகக் காய விட்டு, படங்கை உதறிப் போட்டு, சந்தில் இருக்கிற பெண்டுகள் பிள்ளைகள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு காலி வீதிக்கு வருவார். முந்தின நாள்வரை மணல் ஏற்றின லொறி என்று யாரும் சொல்லமாட்டார்கள். சேலையில் ஒரு துரும்பு ஒட்டாது. வேல் தேர் வருகிற பாதையில், வெள்ளவத்தைக்குக் கிட்டவாக ஓரம் கட்டி நிறுத்துவார். நாங்கள் மேலே இருந்தபடி பார்ப்போம். கரும்பு விற்கிறவன் கீழே நின்று நீட்டுவான், நீ அதைக் கடித்து உறிஞ்சிச் சக்கையைப் படங்கிலே துப்பிவிட்டு என்னிடம் குட்டு வாங்குவாய். போன ஆடிவேலுக்கு நான் அறையில் இருந்து நடந்தே போனேன், கிட்டத்தானே. நின்று பார்த்தேன். எனக்கு முன்னால் உயரமான ஆட்கள், வேல் தேரின் உச்சி மட்டும் தெரிந்தது. அதற்கு முந்திய வருஷமும் அப்படித்தான். வீட்டுக்கு வந்து பால் காய்ச்சிக் குடித்துவிட்டுப் படுத்தேன். எனக்கு அழுகை வந்தது, ராசா. வேல் தேரைப் பார்க்கக் கிடைக்கவில்லை என்று அழவில்லை, மேலே ஏறி இருக்க ஒரு லொறி இல்லையே என்று அழுதேன்.

அந்தப் படங்கு எங்கே போனது என்று உன் கார்டில் நீ கேட்கவில்லை. “முந்தி இருந்ததுபோல” என்று மட்டும் எழுதியிருந்தாய். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இன்றுவரை நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. உன் ஐயாவைச் சுடலைக்குக் கொண்டுபோக வண்டி பிடிக்கலாம் என்று ஆட்கள் சொன்னபோது, “வேண்டாம், அவரின்ரை லொறியிலேயே போகட்டும்” என்று சொன்னது நான்தான். நீ தட்டைக் கழுவினாய். நான் படங்கை எடுத்துத் தந்தேன். அதை விரித்து, அதன்மேல் அவரை வைத்துக் கொண்டுபோனீர்கள். பெண்கள் சந்து முனையோடு நின்றுவிட வேண்டும், நின்றேன். கொண்டுபோன துணிமணி ஒன்றும் திரும்பி வீட்டுக்கு வரக் கூடாது என்பது முறை, சுடலையிலேயே விட்டுவிட்டு வந்தீர்கள். நீ லொறியைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்திப் பின்னால் ஏறியபோது வெறும் பலகையில் உன் கால் சத்தம் கேட்டது. அதுவரைக்கும் அந்தத் தட்டில் யார் நடந்தாலும் சத்தம் கேட்டதில்லை. அப்போதுதான் அவர் இல்லை என்பது எனக்கு உறைத்தது.

அதன்பிறகு சாக்கு ஊசியை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. நீயும் கேட்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு, திருகோணமலையில் துறைமுக வேலை இருக்கிறது, லொறிக்கு ஓய்வே இராது என்று, எனக்கு இந்த அறையைப் பார்த்துத் தந்துவிட்டுப் புறப்பட்டாய். தீபாவளிக்கு வந்துவிடுவேன் என்றாய். நான் உன்னில் கோபிக்கவில்லை. அந்த வீட்டுக்குள் இருந்து நானும் நீயும் அவர் உட்காரும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட நீ ஓடித் திரிவது நல்லது என்று எனக்கே தோன்றியது. உலகச் சண்டையும் முடிந்தது, துறைமுக வேலையும் குறைந்துவிட்டது என்று இங்கே கதைக்கிறார்கள். நீ இப்போது வீதி வேலை பிடித்துக்கொண்டாய். வேலை முடிந்தால் இன்னொரு வேலை இருக்கும், அது எனக்குத் தெரியும். நீ வேலைக்காகத்தான் அங்கே இருக்கிறாயா, அல்லது இங்கே வந்து நின்றால் அவர் இல்லாத வீட்டுக்குள் கால் வைக்க வேண்டுமே என்று இருக்கிறாயா என்பதுதான் தெரியாது. அந்த வீட்டைத்தான் விட்டாயிற்றே, ராசா. இங்கே அவர் உட்கார்ந்த இடம் என்று ஒன்றும் இல்லை. நான் மட்டும்தான் இருக்கிறேன்.

உன் கார்ட் வந்த மறுநாளே சாக்கு விற்கிற முஸ்லிம் நானாவிடம் சொல்லிவிட்டேன். அவர் புறக்கோட்டையில் இருந்து வெறும் சாக்குகளைச் சேர்த்து வண்டிலில் கொண்டு வந்து இறக்கினார். “என்னத்துக்கு அக்கா இவ்வளவு சாக்கு? மகன் வாராரா?” என்று கேட்டார். அளவு வரவேண்டும் என்றேன். “அளவு சொல்லாட்டி எப்படி அக்கா தைக்கிற? ஆள் வந்தாத்தானே சரி” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் எல்லாவற்றையும் துவைத்துக் காயப்போட்டு, தையலைப் பிரித்து, மடித்து அடுக்கி வைத்திருக்கிறேன். அறையில் எனக்குப் படுக்க இடம் கொஞ்சம்தான் மிச்சம். சணல் மணம் அடிக்கிறது, அது ஒரு துணைமாதிரி இருக்கிறது. நீளத் தையல்களைத் தொடங்கியும் விட்டேன். ஊசிக்கு நூல் கோர்க்க வெளிச்சத்துக்கு வரவேண்டியிருக்கிறது. இந்தப் படங்கைத் தைக்கக் கண் இருக்கிறது, அடுத்ததுக்கு இருக்குமோ தெரியாது.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. அந்தத் தட்டின் நீள அகலம் எனக்குத் தெரியும். இரண்டு படங்கு தைத்தவளுக்கு மறக்குமா? நினைத்தால் வருகிற கிழமையே மூட்டையாகக் கட்டி ரெயிலில் போட்டுவிடலாம். போடமாட்டேன். நாலு மூலையும் தட்டில் வைத்துத்தான் தைக்க வேண்டும், கோணல் தட்டின் அளவு எந்தக் கார்டிலும் அடங்காது. இது என்னைக் கூப்பிட ஒரு சாட்டுத்தானே அம்மா என்று நீ கேட்பாய். ஓம், சாட்டுத்தான். ஆனால் மூலை விஷயம் உண்மை. உனக்குத் திருகோணமலையிலேயே இருக்க வேண்டும் என்றால் இரு, அங்கே ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறாய் என்றால் அவளையும் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு வா, நான் பின்னால் படங்கில் இருந்துகொள்வேன். தைத்து முடிந்ததும் நீ போகலாம், நான் கையைப் பிடித்து வைக்கமாட்டேன். எனக்கு லொறிக்குள் ஏறி, அந்த மூன்றாவது பலகையின் கரிப் பள்ளத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, நாலு மூலை தைக்க வேண்டும். நீ கீழே நின்று அலுத்துக்கொண்டு “இன்னும் முடியேல்லையே?” என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆகவே அந்த அடுத்த கார்ட் வேண்டாம், லொறியைக் கொண்டு வா. பின் பலகைச் சங்கிலிக்குச் சாக்குத் துண்டு சுற்றச் சொன்னேன் அல்லவா, சுற்று, வழி நீளம், தட்டு தேயும். ஆனால் காலி வீதியால் எங்கள் ஒழுங்கைக்குத் திரும்புகிற இடத்தில் ஒருக்கால் நிறுத்தி, இறங்கி, அதை அவிழ்த்துவிட்டு வா. எனக்குக் கேட்க வேண்டும்.

அம்மா